இருபத்துநாலு பேருக்கு ஒரு கை

எங்கள் ஆபீசில் "சாப்டாச்சா?" என்று கேட்கிற வழக்கம் போய் மூன்று வருஷமாகிறது. யாரைப் பார்த்தாலும் "எதுல இருக்கே?" என்றுதான் கேட்போம். ஒருத்தி "மணல்ல" என்பாள். இன்னொருத்தி "பூனையில" என்பாள். நான் ஆற்றில் இருந்தேன். ஆற்றில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எனக்கு நிறையவே இருந்தது.

என் பெயர் முனீஸ்வரி. வயது முப்பத்தாறு. அருப்புக்கோட்டை பைபாஸ் ஓரத்தில், நூல் மில் ஓடி நின்றுபோன கட்டடத்தில், நானூறு பேர் உட்கார்ந்து படங்களுக்குப் பெட்டி போடுகிற கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை. பெட்டி போடுவது என்றால் வேறொன்றுமில்லை. திரையில் ஒரு தெருவின் படம் வரும். அதில் ஒரு நாய் நிற்கும். மவுஸைப் பிடித்து நாயைச் சுற்றிக் கட்டம் இழுத்து 'நாய்' என்று போட வேண்டும். அடுத்தது ஆட்டோ. அடுத்தது குடை பிடித்த பெரியவர். தானாக ஓடுகிற கார் நாய்மேல் ஏறாமல் ஒதுங்கிப் போகிறது என்றால், அதற்கு நாயைக் காட்டிக்கொடுத்தது என்னைப் போல ஒருத்தி. ஒரு நாளைக்குப் பதினோராயிரம் க்ளிக். சும்மா இல்லை.

"இந்தக் காலத்துலயும் மவுஸா? கண்ணால முறைச்சாலே வேலை நடக்குதாமே?" என்று என் நாத்தனார் கேட்பாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் ரத்தினவேல் சாரிடம் ஒருநாள் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர். திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்.

"அவங்களுக்கு வேண்டியது கட்டம் இல்லீங்க மேடம்," என்றார். "நாயா, நாய் மாதிரி கிடக்கற சாக்கான்னு உங்க கை அரை நொடி தயங்குது பாருங்க, அந்தத் தயக்கம்தான் வேணும். மெசினுக்குத் தானா தயங்கத் தெரியாதுங்க. மவுஸ் எங்க வேகம் குறையுது, எங்க திரும்புது, எல்லாம் பதிவாகுது. அதைப் பாத்துத்தான் அது கத்துக்குது."

ஆக, நாங்கள் விற்றது கையின் தயக்கத்தை. அதற்குக் கை கொடுத்த விலை வேறு. முதல் ஆறு வருஷம் நான் பட்ட பாடு கொஞ்சமா? கட்டைவிரல் அடியில் ஊசி குத்தும். மணிக்கட்டு எரியும். எரிச்சல் முழங்கைக்கு ஏறி, அங்கிருந்து தோளுக்குப் போகும். தலை வார முடியாது, துணி பிழிய முடியாது, குழம்புச் சட்டியை ஒரு கையால் இறக்க முடியாது. ஆபீஸ் முழுக்கத் தைல வாசனை. நானூறு பேரும் மணிக்கட்டில் துணிப் பட்டை சுற்றிக்கொண்டு, சண்டைக்குப் போய்வந்த கோழிகள் மாதிரி உட்கார்ந்திருப்போம். கம்பெனிக்கு நஷ்டம் என்று தெரிந்த பிறகுதான் கம்பெனிக்கு எங்கள்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம்தான் பட்டையாக வந்து சேர்ந்தது.

புதுப் பட்டை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே கட்டுவது. கறுப்பாக, வழவழவென்று, எடையே இல்லாமல் இருந்தது. ரத்தினவேல் சார் அதைக் கையில் தூக்கிப் பிடித்து விளக்கினார்.

"கையிலேருந்து மூளைக்குப் போற சேதியை இது பாதி வழியில நிறுத்திக்கும். வலி போகாது, வலிங்கற சேதி போகாது. ஆனா வெறுமனே நிறுத்துனா மூளை பதறிருங்க, கையக் காணோம்னு. அதனால அதுக்கு இன்னொரு கையோட சேதியக் குடுத்துருவோம். ஓய்வா இருக்கற கை."

"யாரோட கை சார்?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெபக்கா கேட்டாள்.

"ஆளுங்க இருக்காங்க. கையை ஒரு இடத்துல வெச்சுட்டு உக்காந்திருக்கறதுதான் அவங்க வேலை."

"அடேயப்பா! அந்த வேலைய எங்களுக்குக் குடுத்துட்டு அவுங்களக் கொண்டாந்து இங்க உக்கார வைங்க சார்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"ஒரு தடவை பதிவு பண்ணிட்டா ஆவாதா? தெனமும் ஆளு எதுக்கு?" என்று ஜெபக்கா விடவில்லை.

"மூளை பெரிய கில்லாடிங்க மேடம். மூணே நாள்ல பழைய சரக்குன்னு கண்டுபுடிச்சு வலியத் திறந்து விட்ருது. இப்ப, இந்த நிமிசம், உயிரோட இருக்கற கையா இருக்கணும். ஒரு கையை இருபத்துநாலு பேருக்குப் பங்கு போடலாம். அதுக்கு மேல போனா நீத்துப் போயிருது."

மணல், பூனை, மழை, வைக்கோல், ஆறு என்று பதினேழு வகை வந்தது. ஆற்றுக்குத்தான் அடிதடி. பிழையில்லாமல் வேலை செய்கிற ஜோடிகளுக்கு மட்டும் ஆறு என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஒருத்தி பெட்டி போட, இன்னொருத்தி அதைச் சரிபார்க்க, இரண்டு பேர் ஒரு ஜோடி. நானும் ஜெபக்காவும் ஜோடி. பன்னிரண்டு ஜோடிகளில் ஒன்றாக ஆற்றில் இறங்கினோம்.

முதல் நாளை எப்படிச் சொல்வேன்! பட்டையைக் கட்டி ஐந்து எண்ணுவதற்குள் என் வலது கை என்னை விட்டுக் கிளம்பியது. கண்ணால் பார்த்தால் மவுஸ்மேல்தான் இருக்கிறது, விடாமல் வேலை செய்கிறது. உணர்வில் அது எங்கேயோ ஒரு ஆற்றில் முங்கிக் கிடந்தது. தண்ணீர் விரலிடுக்கில் நுழைந்து நுழைந்து போனது. பொடிமீன் ஒன்று வந்து சுண்டுவிரலைக் கொத்திவிட்டு, யோசித்து, மறுபடி கொத்தியது. கரையில் மரம் இருந்திருக்க வேண்டும். புறங்கையில் வெயில் விழுவதும் விலகுவதும் தெரிந்தது. நான் இங்கே நாய், ஆட்டோ, நிழல், சைக்கிள், நிழல் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. வலி இல்லாமல் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. ஆடி மாதம் தண்ணீர் கையைத் தள்ளிக்கொண்டு ஓடும். பங்குனியில் மெலிந்து, கூழாங்கல் முதுகெல்லாம் விரலில் தட்டுப்படும். மேலே யாரோ குளித்தால் சோப்பு நுரை வழுக்கும். ஒருநாள் ஒரு பூ மிதந்து வந்து உள்ளங்கையில் தங்கியது. என்ன பூவோ. ஆற்றில் இருந்த இருபத்துநாலு பேரும் ஒரே நொடியில் சிரித்தோம். மணலில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்து வயிறெரிந்தார்கள்.

பட்டையைக் கழற்றினாலும் அந்த ஓய்வு சட்டென்று போகாது. மறுநாள் வரைக்கும் கையில் தங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் மணிக்கட்டில் லேசாக ஒரு உறுத்தல் எழும். திங்கள் காலை ஓடிப்போய் பட்டையைக் கட்டிக்கொள்வோம்.

அந்தத் திங்கள் காலையில்தான் நான் செய்த காரியமும் இருக்கிறது.

கம்பெனி முழுமோசம் என்று சொல்ல மாட்டேன். வலி தெரியாததால் கை உள்ளுக்குள் வீணாகிவிடக் கூடாது என்று அவர்களே ஒரு சோதனை வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு ரப்பர்க் குழாய். திங்கள்தோறும் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு, குழாய்க்குள் கையை விட்டு, உள்ளே இருக்கிற பிடியை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். இரண்டு வாரம் தொடர்ந்து சிவப்பு எரிந்தால் மூன்று மாதம் மவுஸைத் தொடக் கூடாது, ஆற்றிலும் இடம் கிடையாது. ஜோடி உடையும். உடைந்த ஜோடியில் மிச்சமிருப்பவள் வைக்கோலுக்குப் போக வேண்டும். வைக்கோல் கையில் அரிக்கும்.

குழாய்க்கு அட்டையைத் தெரியும், கையைத் தெரியாது. காலேஜில் ஒருத்திக்கு இன்னொருத்தி 'உள்ளேன்' சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். சொல்லித் தரவா வேண்டும்? ஜோடியில் யாருக்குப் பிடி பலமோ அவளே இரண்டு அட்டைக்கும் கையை விட்டுவிடுவாள். எல்லாரும் செய்தோம். அதில் தப்பு இருப்பதாக ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஜெபக்காவுக்கு ஒரு தடவை சிவப்பு எரிந்தது. அவளுடைய முழுப்பெயர் ஜெபக்கனி. நாசரேத்துப் பக்கம். என்னைவிட நாலு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவள். அன்றைக்கு அவள் குழாயிலிருந்து கையை எடுத்து, விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்தாள்.

"ஏட்டி முனீசு, நான் மூணு மாசம் வெளிய இருந்துக்கிடுதேன். கட்டைவெரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. நேத்து ஆர்மோனியத்துல ரெண்டு கட்டை அமுங்கல," என்றாள்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்கலட்டி. அதாம் பயமா இருக்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போய் டாக்டரப் பாருங்கக்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வைக்கோல்தான் கண்முன்னே வந்தது. ஆறு போய்விடுமே என்று பயந்தேன்.

"அட போக்கா. ஒரு வாரம் பாப்போம். குளுருக்கு எல்லாருக்கும் இப்புடித்தான்," என்று சொல்லி, அவள் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கித் தேய்த்து, என் கையைக் குழாயில் விட்டேன். பச்சை எரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு வாரம் என்றது பதினாலு வாரம் ஆயிற்று. பதினாலு திங்கட்கிழமையும் நான்தான் கையை விட்டேன். எண்ணி வைத்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். அவள் பெட்டி போட, நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாயைச் சுற்றி மூன்று பக்கம் கோடு வந்தது. நாலாவது பக்கம் வரவில்லை. காத்துப் பார்த்தேன். கோடு அங்கேயே நின்றது. திரும்பினேன். ஜெபக்கா கண்களைப் பாதி மூடி, உதட்டில் சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் இருந்தாள். அவள் கை மவுஸிலிருந்து சரிந்து மேஜைமேல் மல்லாந்து கிடந்தது.

"அக்கா, பெட்டிய மூடுங்க," என்றேன்.

"மூடிட்டம்லா?" என்றாள்.

கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரலையும் இயக்குகிற தசைநாண்கள் தேய்ந்து தேய்ந்து அறுந்துவிட்டன என்று டாக்டர் சொன்னார். தொட்டால் தெரியும், சூடு குளிர் தெரியும், ஆனால் இனி அசையாது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் தைத்திருக்கலாம் என்றார். ஏன் வலிக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

கம்பெனி அவளைக் கைவிடவில்லை, வேறு கிளையில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறது என்று ரத்தினவேல் சார் சொன்னார். நான் அவளுக்குப் போன் செய்யவில்லை. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று ஐந்து மாதம் ஓடியது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேச?

எனக்கு ஜோடியாக ஜன்னத் என்று ஒரு பெண் வந்தாள். காலேஜ் முடித்த கையோடு வந்தவள், கெட்டிக்காரி, உடனே சரிபார்ப்பில் தேறிவிட்டாள். அதனால் வைக்கோலுக்குப் போகாமல் தப்பினேன். ஜன்னத் சின்ன வயசு, பிடி பலமாக இருக்கும். அதனால் இரண்டு அட்டைக்கும் அவளே கையை விட்டாள். வழக்கம் அதுதானே.

அந்த நாட்களில் ஆறும் மாறியது. ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தது. அப்புறம் வேறொரு கை வந்திருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பழைய கைக்கு ஒரு பதற்றம் உண்டு. திடீரென்று விரலை மடக்கும், சொறியும், தண்ணீரை விட்டு வெளியே வரும். அப்போதெல்லாம் எங்களுக்கும் ஓய்வு அறுந்து அறுந்து வரும். புதுக் கை ஆடவே இல்லை. காலையில் இறங்கினால் சாயங்காலம்வரை அப்படியே கிடந்தது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. மீன்கள் பயமில்லாமல் வந்தன. உள்ளங்கையில் வண்டல் பொடிப்பொடியாகப் படிவதுகூட எனக்குத் தெரிந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியை நான் அனுபவித்ததில்லை, பொய் சொல்லவில்லை. ஜெபக்காவின் நினைப்பு வரும்போதெல்லாம் அந்தக் கைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அது எல்லாவற்றையும் மறக்க வைத்தது.

வீட்டில் என் வீட்டுக்காரர் குருசாமி கிண்டல் செய்வார். "என்ன மகாராணி, கரண்டியும் தட்டுமா? கையில பெசைஞ்சு திங்க மாட்டீகளோ?" ஆபீசில் எல்லாருமே ஸ்பூனில்தான் சாப்பிடுகிறோம், அது பழகிவிட்டது என்று சொன்னேன். "ஆத்துல இருக்கவுக இல்ல? நாகரிகம்தான்," என்று சிரித்துவிட்டு லாரியை எடுக்கப் போய்விட்டார்.

போன மாதம் ஜெபக்காவே கூப்பிட்டாள்.

"ஏட்டி முனீசு, ஒரு வியாழக்கிழமை வா. பதினோரு மணியில இருந்து பன்னெண்டு வரைக்கும் ஆளு பாக்க விடுவாவ. தனியா வா," என்றாள். எங்கே என்று இடம் சொன்னாள். அம்பாசமுத்திரம் தாண்டி, தாமிரபரணிக் கரையில்.

இதைக் கேட்டபோதே உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் பஸ்ஸில் போகிற வழியெல்லாம் மண்டைக்குள் ஓடியது. கோவில்பட்டியில் ஒரு காபி குடித்தேன், திருநெல்வேலியில் பஸ் மாறினேன், சொல்ல வேண்டியதை நூறு தடவை ஒத்திகை பார்த்தேன்.

மருத மரங்களுக்குக் கீழே தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. படிக்கட்டு ஆற்றுக்குள் இறங்கியது. கடைசிப் படியில், தண்ணீரை ஒட்டி, குட்டை நாற்காலிகளில் ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேருடைய வலது கையும் தண்ணீருக்குள் இருந்தது. முழங்கைக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை. மூன்றாவது நாற்காலியில் ஜெபக்கா இருந்தாள். நரை கூடியிருந்தது.

"வந்துட்டியாட்டி? உக்காரு. கால நனைச்சுக்கோ," என்றாள்.

நான் படியில் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றோடு போய்விட்டது. "அக்கா, என்னாலதான்க்கா. ஒங்களுக்காக நான் கைய விடல. எனக்கு ஆறு போயிருமேன்னுதான் விட்டேன். பதினாலு தடவை," என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"தெரியும்ட்டி. எனக்கும் ஆறு வேணும்னுதான் இருந்துச்சு. நீ இழுத்த, நானும் வந்தேன். அதுக்காவ ஒம்மேல தப்பு இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. கெடக்கட்டும்." இடது கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "நீ இப்ப எதுல இருக்க?"

"ஆத்துலதான்க்கா."

"காலையில ஒம்பதுல இருந்து ஆறு வரைக்குமா?"

"ஆமா."

"பட்டை நம்பரு என்ன?"

சொன்னேன். அவள் தன் வெள்ளைப் பட்டையை என் பக்கம் திருப்பினாள். அதிலும் அதே நம்பர் இருந்தது.

"அப்ப நாலு மாசமா நீ என்கிட்டதாம்ட்டி இருந்திருக்க," என்றாள்.

தண்ணீருக்குள் அந்தக் கையைப் பார்த்தேன். மல்லாந்து, விரல்கள் லேசாக விரிந்து, அசையாமல் கிடந்தது. உள்ளங்கையில் வண்டல் படிந்திருந்தது. அந்த வண்டலை நான் அறிவேன். நான் அழித்த கைக்குள்ளேயே போய், அவளை மறப்பதற்காக, நாலு மாதம் நிம்மதியாகப் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

"ஆடாத கைதான் அவியளுக்கு வேணும்," என்று ஜெபக்கா மெதுவாகச் சொன்னாள். "நல்ல கை எம்புட்டு நேரம் சும்மா கெடக்கும்? எங்க கைதான் தோது. தொட்டா தெரியும், ஆனா ஆடாது. இந்த ஆறு பேரும் ஒன்னைய மாதிரி, என்னைய மாதிரி பெட்டி போட்டவளுவதான். நல்லா இருந்துச்சாட்டி?"

"என்ன?"

"என் கை. அங்க எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இருந்துச்சுக்கா. அம்புட்டு நல்லா இருந்துச்சு," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்சம் பெருமைகூட அவள் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"அதுக்குத்தாம்ட்டி ஒன்னைய வரச் சொன்னேன்," என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "என் கை நல்லா இருக்கிற வரைக்கும் அங்க இருபத்துநாலு பேரும் எந்திரிக்க மாட்டாளுவ. நான் எந்திரிச்சனா? கை செத்துக் கெடக்கு, நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்லா? இங்கன இருந்து கத்துனா அவளுவளுக்குக் கேக்காது. கடிதாசி போட்டா, நீயே நம்பியிருக்க மாட்ட. ஆனா கை மட்டும் நேரா அவளுவ மூளைக்குள்ள போவுது. ஒரு கிள்ளு, முனீசு. நல்லா சுருக்குனு, நகம் பதிய. இங்க வேலைக்குச் சேத்தப்பவே சொல்லிருக்காவ: மோதிரம் ஆவாது, முள்ளு ஆவாது, கைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த ஆத்த மூளை பொறவு நம்பாதாம். அந்த வலியோட அவளுவ சொந்த வலியும் தெறந்துக்கிடுமாம்."

"ஒங்க வேலை போயிரும்க்கா."

"போவட்டும். சும்மா கெடக்கதுக்கு ஒரு கை, அந்தக் கைய வச்சு இன்னும் இருபத்துநாலு கைய அழிக்கதுக்கு நான் சம்பளம் வாங்குதேன். எனக்குத் தூக்கம் வரல."

"அதை நீங்களே கிள்ளிக்கிட்டா என்ன? இடது கை இருக்குல்ல?"

"பாக்காம இருப்பனா? நமக்கு நாமளே கூச்சம் காட்டுனா சிரிப்பு வருதா? அது மாதிரிதான். நான் கிள்ளப்போறேன்னு என் மூளைக்கு முன்னாலயே தெரிஞ்சிருது, பாதியா கொறைச்சுப்புடுது. அங்க போறதுக்குள்ள எறும்பு ஊருன மாதிரி ஆயிரும். அடுத்தவ கை வேணும். இவளுவள கேட்டேன், பயப்படுதாளுவ."

மேலே மேஜையில் ஒரு அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. மணி பதினொன்றரை. அருப்புக்கோட்டையில் இந்நேரம் ஜன்னத் ஆற்றில் இருப்பாள். வேகமாகப் பெட்டி போடுகிறவள் அவள். இரண்டு வருஷத்தில் எங்கள் எல்லாரையும் மிஞ்சிவிடுவாள். மற்ற இருபத்திரண்டு பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களோடு என் ஆறும் நினைவுக்கு வந்தது. இதற்கப்புறம் எனக்கும் ஆறு கிடையாது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு அது ஏக்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இருந்தது. ஏற்கெனவே நான் கெடுத்த கை. அதையே மறுபடி நோக வைக்க வேண்டுமா?

"என்னட்டி யோசிக்க? அன்னைக்கு என் அட்டையப் புடுங்குனப்ப இம்புட்டு யோசிச்சியா?" என்றாள் ஜெபக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அது நேரே வந்து தைத்தது.

வலது கையைத் தண்ணீரில் விட்டேன். முந்தின நாளின் ஓய்வு இன்னும் அதில் தங்கியிருந்ததால் எது இந்தத் தண்ணீர், எது நேற்றைய தண்ணீர் என்று தெரியவில்லை. அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தேன். என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அவள் தோலைச் சேர்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, என் பலம் முழுவதையும் கொடுத்துக் கிள்ளினேன்.

ஜெபக்கா சத்தம் போடவில்லை. இன்னும் அழுத்தினேன்.

"கிள்ளுட்டி," என்றாள்.

அழுத்தினேன்.

"ஏட்டி, வெளயாடாத. நேரம் ஆவுது. கிள்ளச் சொன்னா தடவிக்கிட்டு இருக்க!"

கண்ணைத் திறந்தேன். தண்ணீருக்குள் இரண்டு கைகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. என் கட்டைவிரல் அவள் தோல்மேல் சாய்ந்து கிடந்தது. ஆள்காட்டி விரலைத் தொடக்கூட இல்லை. மடங்கு என்று சொன்னேன். மடங்கவில்லை. தண்ணீரின் போக்கில் லேசாக ஆடியது.

"நான் கிள்ளிக்கிட்டுதான்க்கா இருக்கேன்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள்.

"எந்த வாரத்துல இருந்துட்டி?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா. திங்கக்கெழமை எல்லாம் ஜன்னத்துதான் கை விட்டா."

ஜெபக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்காக அவள் அழுதாள், என்னைப் பார்த்து. இடது கையால் என் வலது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, குழந்தையைக் கிடத்துவது மாதிரி என் மடியில் வைத்தாள். முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எடது கை நல்லா இருக்குல்லா?" என்றாள்.

இடது கையை ஆற்றில் விட்டேன். நகம் பதியக் கிள்ளினேன்.